சாயம் பூசாமல் ஒரு செல்லைப் பார்க்க முடியுமா?



இந்த வார எபிசோடில் லேசர் பத்திப் பேசும்போது, "இதை நியூஸ்லெட்டர்ல விரிவா எழுதுறேன்"னு சொல்லித் தப்பிச்சேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தணும் இல்லையா? கொஞ்சம் நீளமான கடிதம். டீ போட்டுக்கிட்டு உட்காருங்க.

விஷயம் ஆரம்பிச்சது யாங்கோனில். எங்க பெரியம்மா அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க. இன்னமும் ஊரை ரங்கூன்னுதான் சொல்வாங்க. வெள்ளிக்கிழமை ஆனா அனோரதா ரோடு காளி கோயில். சில மாதங்களுக்கு முன்னாடி அவங்களுக்கு மார்பில் ஒரு கட்டி. பயாப்ஸி எடுத்தாங்க. ரிப்போர்ட் வர 12 நாள் ஆச்சு. எட்டாவது நாள் வைபரில் கூப்பிட்டாங்க.

"ஏன்டா தம்பி, நீதான் டெக்னாலஜி டெக்னாலஜின்னு ரேடியோல பேசுறியே. ஒரு அரிசி அளவு சதைதான் எடுத்தாங்க. அதைப் பார்த்துச் சொல்ல இத்தனை நாளா?"

"பெரியம்மா, அது ரேடியோ இல்ல. பாட்காஸ்ட்."

"ஏதோ ஒண்ணு. பதில் சொல்லு."

எனக்குப் பதில் தெரியலை. அதுக்கப்புறம் உட்கார்ந்து படிச்சதுதான் இந்தக் கடிதம்.

செல்லைப் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

முதல் கஷ்டம், செல்லுக்கு நிறமே கிடையாது. நம்ம உடம்பில் இருக்கும் ஒரு சராசரி செல் 10 முதல் 20 மைக்ரான் அகலம். தலைமுடியின் தடிமனில் நாலில் ஒரு பங்குகூட வராது. அதில் எழுபது சதவீதம் தண்ணீர். வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து அப்படியே மறுபக்கம் போயிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ்கட்டி மிதக்கிறதை யோசிச்சுப் பாருங்க. ரெண்டுமே நிறமில்லாதது. ஓரம் மட்டும்தான் லேசாத் தெரியும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள செல்லும் அப்படித்தான்.

அதனால்தான் சாயம் பூசுறாங்க. எடுத்த சதையை முதலில் ஃபார்மலினில் ஊறவைப்பாங்க. அந்த நிமிஷமே செல் செத்துப்போகும், ஆனா உருவம் கலையாமல் அப்படியே நிற்கும். பிறகு தண்ணீரை வெளியேத்தி மெழுகில் பதிச்சு, நாலைந்து மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, ரெண்டு சாயம். ஹீமடாக்ஸிலின் செல்லின் மையக்கருவை நீல-ஊதா ஆக்கும். இயோசின் மத்ததை எல்லாம் ரோஸ் ஆக்கும். இந்த ஹீமடாக்ஸிலின் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து வந்த சாயம். நூறு வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க பேத்தாலஜிஸ்ட்டுகள் இந்த ஊதாவையும் ரோஸையும் பார்த்துத்தான் "இது கேன்சர், இது இல்லை" என்று சொல்றாங்க.

இதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். மார்பகப் புற்றுநோய் என்றால் ஈஆர், பிஆர், ஹெர்-2 என்று மூணு புரதங்கள் இருக்கா இல்லையான்னு ஆன்டிபாடி வைத்துத் தனியாகப் பார்க்கணும். அதுக்கு இன்னும் சில நாள். மீதி நாளெல்லாம் காத்திருப்பு. மாதிரி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகணும், பார்க்க வேண்டிய டாக்டர் கொஞ்சம் பேர், பார்க்க வேண்டிய ஸ்லைடு நிறைய. பெரியம்மாவின் 12 நாளில் பெரும்பகுதி சாயத்துக்கு இல்லை, வரிசைக்குத்தான்.

இதை நான் ஒத்துக்கணும். சாயம் பழைய முறைதான், ஆனா மோசமான முறை இல்லை. "இது கேன்சரா?" என்ற கேள்விக்கு இன்னிக்கும் அதுதான் கடைசி வார்த்தை.

ரிப்போர்ட் வந்தது. கேன்சர்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கலாம்னு டாக்டர் சொன்னார். 21 நாளுக்கு ஒரு தடவை மருந்து. அடுத்த வைபர் காலில் பெரியம்மா கேட்ட கேள்வி வேற.

"இந்த மருந்து எனக்குக் கேக்குமாடா?"

எவ்வளவு நல்ல தமிழ் பாருங்க. மருந்து 'கேட்கும்', நோய் 'கேட்கும்'. ஆனா செத்துப்போன செல்லிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. மெழுகில் பதிச்ச செல்லுக்கு எந்த மருந்து ஊத்தினாலும் ஒண்ணுதான். பதில் சொல்லணும்னா செல் உயிரோட இருக்கணும்.

உயிருள்ள செல்லுக்கும் ஒளிரும் அடையாளம் ஒட்டலாம். ஜெல்லிமீனிலிருந்து எடுத்த பச்சை ஒளிர் புரதத்துக்கு 2008 வேதியியல் நோபல் பரிசே கிடைச்சிருக்கு. ஆனா அதுக்குச் செல்லின் ஜீனை மாத்தணும். வேற சாயங்கள் ஒட்டினால் சிலது செல்லுக்கு விஷம், சிலது வெளிச்சம் பட்டுப் பட்டு மங்கிப்போகும். ஒட்டின அடையாளமே செல்லின் நடத்தையை மாத்திடுச்சுன்னா, நாம் பார்ப்பது செல்லையா, நாம் செஞ்ச கலாட்டாவையா?

அதனால் வந்த துறைதான் அடையாளம் ஒட்டாத ஒளிப்படம். எதையும் சேர்க்காதே, வெளிச்சத்தை மட்டும் அனுப்பு, திரும்பி வரும் வெளிச்சம் எப்படி மாறியிருக்குன்னு பார். இதில் பல வழிகள் உண்டு. முக்கியமான மூணை எனக்குப் புரிஞ்ச மாதிரி எடை, அடுப்பு, சுருதி என்று பிரிச்சுக்கிறேன். மூணாவது வழி நம்மைத் திரும்ப ரங்கூனுக்கே கூட்டிட்டுப் போகும்.

எடை

ஐஸ்கட்டி உதாரணத்துக்குத் திரும்புவோம். ஓரம் ஏன் தெரியுது? ஐஸுக்குள் வெளிச்சம் போகும் வேகம் வேற, தண்ணீருக்குள் வேற. செல்லிலும் அதேதான். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. செல்லின் உட்பகுதிக்கு அது சுமார் 1.36 முதல் 1.38 வரை. செல்லைக் கடந்து வரும் ஒளி அலை, பக்கத்தில் வெறும் தண்ணீரைக் கடந்து வரும் அலையைவிடக் கொஞ்சம் லேட்டா வரும்.

இந்தத் தாமதம் நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குப் பிரகாசமும் நிறமும்தான் தெரியும். 1930-களில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் ஸெர்னிக, தாமதத்தைப் பிரகாசமாக மாத்தும் ஒரு தந்திரத்தைக் கண்டுபிடிச்சார். அதுதான் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப். 1953-இல் இயற்பியல் நோபல். இன்னிக்குச் செல் வளர்க்கும் எந்த லேபுக்குப் போனாலும் ஓரத்தில் ஒண்ணு இருக்கும்.

அடுத்த படி, தாமதத்தைப் பார்ப்பது மட்டும் இல்லாமல் அதை எண்ணாக அளப்பது. செல்லில் புரதம் முதலான சரக்கு எவ்வளவு கூடுதோ, அந்த அளவுக்குத் தாமதமும் கூடும். இது 1950-களிலேயே தெரியும். அதனால் தாமதத்தை அளந்தால், தண்ணீர் போக மீதி எடை கிடைச்சிடும், செல்லைத் தொடாமலே. கணக்கு பிகோகிராமில் வரும். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு.

இதில் கேன்சருக்கு என்ன? நல்லா வளரும் கேன்சர் செல் எடை கூடிக்கிட்டே போய் ரெண்டாப் பிரியும். மருந்து கேட்டால் அந்த ஏத்தம் நின்னுடும், சில சமயம் செல் சாவதற்கு முன்னாடியே, சில மணி நேரத்திலேயே. ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனி எடை கிராஃப் போட்டால், கூட்டத்தில் யார் மருந்துக்கு அசையலைன்னும் தெரியும். அது ரொம்ப முக்கியம். நோய் திரும்ப வருவது அந்த நாலு பேரால்தான்.

அடுப்பு

செல்லுக்குச் சொந்தமாவே கொஞ்சம் ஒளிர்வு உண்டு. சாப்பாட்டிலிருந்து சக்தி எடுக்கும் வேலையில் என்ஏடிஹெச், எஃப்ஏடி என்று ரெண்டு மூலக்கூறுகள் ஓடியாடி வேலை செய்யும். புறஊதா ஒளி பட்டால் என்ஏடிஹெச் நீலமாக மின்னும். நீல ஒளி பட்டால் எஃப்ஏடி பச்சையாக மின்னும். எலக்ட்ரானைக் கொடுத்தபிறகு என்ஏடிஹெச் மின்னாது, வாங்கினபிறகு எஃப்ஏடி மின்னாது. அப்போ நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால், அந்த நிமிஷம் செல்லின் அடுப்பு எப்படி எரியுதுன்னு ஊகிக்கலாம்.

கேன்சர் செல்லின் அடுப்பு விசித்திரமானது. 1920-களில் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் இதைக் கவனிச்சார். ஆக்ஸிஜன் தாராளமா இருக்கும்போதும் அந்தச் செல்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்தே நிறைய சக்தி எடுக்குது. வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கும்போது கொல்லையில் விறகு அடுப்பு மூட்டுற மாதிரி.

டியூக் பல்கலைக்கழகத்தில் நிம்மி ராமானுஜம், மெலிசா ஸ்காலா ஆகியோரின் குழு 2007-இல் ஹாம்ஸ்டரின் கன்னத்து உள்தோலில் இந்த ஒளிர்வை நேரடியாகப் பார்த்தது. சாயம் இல்லை, வெட்டிச் சீவவில்லை. கேன்சராக மாறப்போகும் திசுவில் ஒளிர்வு மாறுவது தெரிஞ்சது. பிறகு ஸ்காலா வாண்டர்பில்ட்டுக்குப் போனார். அங்கே அவர் குழு, மார்பகக் கட்டியிலிருந்து எடுத்த செல்களைச் சின்னச் சின்ன உருண்டைகளாக வளர்த்தது. இதை ஆர்கனாய்டு என்பாங்க. அதில் மருந்தை விட்டு அடுப்பு எப்படி மாறுதுன்னு பார்த்தாங்க. 2014-இல் வெளியான அந்த ஆய்வில், எலியின் உடம்பில் கட்டி வளர்வது குறையுமா என்பதை டிஷ்ஷில் இருந்த உருண்டைகள் முன்கூட்டியே காட்டின. மனிதர்களிடமிருந்து எடுத்த மாதிரிகளும் இருந்தன, ஆனா குறைவு.

இதைப் படிச்சதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெரியம்மா கேட்ட கேள்வியே இதுதானே. மருந்தை உடம்பில் ஏத்தி, முடி கொட்டி, வாந்தி எடுத்து, மாசக்கணக்கில் காத்திருந்து தெரிஞ்சுக்கிற விஷயத்தை, முதல் டோஸுக்கு முன்னாடியே டிஷ்ஷில் கேட்டுப் பார்க்க முடியுமா என்ற முயற்சி.

சுருதி

இப்போ ரங்கூன். பான்சோடான் தெரு தெரியுமா? நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் இருக்குமே, அதேதான். பிரிட்டிஷ் காலத்தில் அது ஃபேயர் தெரு. அரசாங்கத்தின் கணக்கு ஆபீஸும் கரன்சி டிபார்ட்மென்ட்டும் அந்தத் தெருவில்தான். 1909-இல் ரங்கூனுக்கு கரன்சி ஆபீசராக மாற்றலாகி வந்தார் ஒரு இருபது வயது இளைஞர். திருச்சி பக்கம் பிறந்தவர், மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் படிச்சவர். பேர் சி. வி. ராமன்.

ஆமாம், அவரேதான். நிதித்துறைப் பரீட்சை எழுதி 1907-இல் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்தவர். பகலில் அரசாங்கக் கணக்கு, ஆபீஸ் விட்டதும் பௌபஜார் தெருவில் ஒரு அறிவியல் சங்கத்தின் லேபில் சோதனை. ரங்கூன் மாற்றலில் அந்த லேப் கைவிட்டுப் போச்சு. சில மாதங்களில் அப்பா உடம்பு முடியாமல் போக, மெட்ராஸ் திரும்பினார். அப்பா இறந்துட்டார். காரியமெல்லாம் முடிஞ்சு ரங்கூன் வந்த கொஞ்ச நாளில், 1910-இல் நாக்பூருக்கு அடுத்த மாற்றல். அவ்வளவுதான் ராமனின் பர்மா கதை. அங்கே அவர் கேன்சரைப் பத்தி எதுவும் யோசிக்கலை. அந்த வருஷங்களில் அவர் மனசெல்லாம் தந்திகள் எப்படி அதிருது என்பதில்தான் இருந்தது. பின்னாடி வீணை, மிருதங்கம் பத்தியெல்லாம் ஆராய்ச்சி பண்ணார்.

ஆனா தந்தியின் அதிர்விலிருந்து நம்ம விஷயத்துக்கு ஒரு பாலம் இருக்கு. ரெண்டு அணுக்களுக்கு நடுவில் இருக்கும் பிணைப்பும் ஒரு தந்தி மாதிரிதான் அதிரும். ஒவ்வொரு பிணைப்புக்கும் ஒரு சுருதி. கொழுப்புக்கு ஒண்ணு, புரதத்துக்கு ஒண்ணு. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது இதன் கைரேகையைத்தான். ஒரே நிற ஒளியை ஒரு திரவத்துக்குள் விட்டால், சிதறி வருவதில் பெரும்பாலானது அதே நிறத்தில் வரும். ரொம்பக் கொஞ்சம் மட்டும் வேற நிறத்தில் வரும். ராமனுக்கு 1930-இல் நோபல்.

கரன்சி ஆபீஸ் கணக்கிலேயே சொல்றேன். நூறு ரூபாய் கொடுத்து மாத்தச் சொன்னால் பெரும்பாலும் நூறே திரும்ப வருது. எப்பவாவது ஒரு தடவை 97 வருது. மூணு ரூபாய் கமிஷன் எடுத்தது யார்? ஒவ்வொரு மூலக்கூறும் எடுக்கும் கமிஷன் அதுக்கே உரியது. அதனால் திரும்பி வந்த தொகையைப் பார்த்தே உள்ளே இருந்த ஆளைச் சொல்லிடலாம். பேர் எழுதி ஒட்ட வேண்டியதில்லை.

பிரச்சினை அந்த 'எப்பவாவது'தான். சிதறும் ஒளித்துகளில் சுமார் ஒரு கோடியில் ஒண்ணுதான் இப்படி நிறம் மாறி வரும். ஒரு கோடி நோட்டில் ஒரு நோட்டைப் பொறுக்குற வேலை. ஒரு செல்லைப் படம் எடுக்கவே ரொம்ப நேரம் ஆகும், உயிருள்ள செல் அதுவரை அசையாமல் இருக்காது.

இதுக்கு வழி 2008-இல் ஹார்வர்டில் சன்னி ஷீயின் குழுவிலிருந்து வந்தது. ஒரு லேசருக்குப் பதிலா ரெண்டு. ரெண்டின் அதிர்வெண்ணுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், தேடும் பிணைப்பின் சுருதிக்குச் சரியா இருக்கும்படி வைப்பாங்க. ஒரு தம்புராவை மீட்டினால் பக்கத்தில் அதே சுருதியில் இருக்கும் தந்தி தானா அதிருமே, அந்த மாதிரி அந்தப் பிணைப்பு மட்டும் பலமா அதிரும். சிக்னல் பல மடங்கு ஏறும். கொழுப்பின் சுருதியில் ஒரு படம், புரதத்தின் சுருதியில் ஒரு படம், ரெண்டையும் சேர்த்தால் மையக்கரு எங்கே, சுத்தி என்னன்னு தெளிவா விழும்.

இது லேபைத் தாண்டி ஆபரேஷன் தியேட்டருக்கே வந்துடுச்சு. மூளைக் கட்டி ஆபரேஷன் நடக்கும்போது எடுத்த துண்டை உறையவைத்துச் சாயம் பூசிப் பதில் வாங்க 20, 30 நிமிஷம் ஆகும். மண்டை திறந்திருக்கும், சர்ஜன் காத்திருப்பார். 2020-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், 278 நோயாளிகளிடம் இந்த ராமன் படத்தையும் ஏஐ-யையும் சேர்த்துச் சோதிச்சாங்க. பதில் 150 நொடிக்குள் வந்தது. சரியாகச் சொன்னது 94.6 சதவீதம். வழக்கமான முறையில் பேத்தாலஜிஸ்ட்டுகளுக்கு 93.9. ஏறக்குறைய சமம், ஆனா நேரத்தைப் பாருங்க.

எனக்குப் பிடிச்ச ஒரு விவரம். அந்த மெஷின் படத்துக்குக் கம்ப்யூட்டரே ஊதாவும் ரோஸும் அடிச்சுக் கொடுக்கும். சாயமே இல்லாத படத்துக்குச் சாய நிறம்! ஏன்னா டாக்டரின் கண் அந்த நிறத்தில்தான் பழகியிருக்கு.

அப்போ ரங்கூனில் ஏன் இல்லை?

இதையெல்லாம் படிச்சிட்டு உற்சாகமா பெரியம்மாவைக் கூப்பிடப் போனேன். ஃபோனைக் கையில் எடுத்த பிறகுதான் யோசிச்சேன். என்ன சொல்றது?

ரெண்டு லேசர் வைத்த ராமன் மெஷின் ரொம்ப விலை. அதிர்வில்லாத மேசை, சீரான கரன்ட், பழுது பார்க்க ஆள் வேணும். ஒரு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு இருக்கும் ஊரில் இதெல்லாம் சுலபம் இல்லை. அப்படியே இருந்தாலும் ஹெர்-2 இருக்கா இல்லையா என்பதை உறுதியாச் சொல்ல இன்னிக்கும் ஆன்டிபாடி வேணும். டிஷ்ஷில் வளர்ந்த உருண்டைக்கு ரத்தக்குழாய் இல்லை, நோயெதிர்ப்புச் செல்கள் இல்லை. அது சொல்வதை உடம்பும் அப்படியே சொல்லும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆர்கனாய்டு, எடை கிராஃப் எல்லாம் பெரும்பாலும் இன்னமும் ஆராய்ச்சிதான். அதனால் உங்க வீட்டில் யாருக்காவது ட்ரீட்மென்ட் நடந்தால், இதைக் காரணமா வைத்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீங்க. டாக்டர் சொல்றதைக் கேளுங்க.

நம்பிக்கை வைக்கணும்னா நான் மூணில் முதல் வழி மேல வைப்பேன். எடை பார்க்கும் முறைக்கு மலிவான எல்ஈடி விளக்குகள், ஒரு கேமரா, மீதி சாஃப்ட்வேர் என்ற அளவில் பல லேப்கள் கருவி கட்டிப் பார்த்துட்டாங்க. அந்த மாதிரி ஒண்ணு இன்வெர்ட்டரிலேயே ஓடிடும். ராமன் 1928-இல் முதல் சோதனைக்குச் சூரிய வெளிச்சத்தையும் நிறக் கண்ணாடிகளையும்தான் பயன்படுத்தினார் என்பதையும் மறக்க வேண்டாம். விலை உயர்ந்த கருவி பின்னாடிதான் வந்தது.

கடைசியில் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். மூணாவது கீமோ முடிஞ்சிருந்தது. கட்டி சின்னதாயிட்ட மாதிரி இருக்குன்னு டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொன்னாராம். ஸ்கேன் எடுத்தால்தான் உறுதி.

"மருந்து கேக்குது போலிருக்குடா."

"நல்லது பெரியம்மா. ரெஸ்ட் எடுங்க." அப்புறம் ராமன் கதையைச் சொன்னேன். நோபல் பரிசையெல்லாம் அவங்க பெருசா எடுத்துக்கலை. "எந்தத் தெருன்னே?" என்று மட்டும் கேட்டாங்க.

"பான்சோடான்."

"அட, உங்க பெரியப்பா பழைய புஸ்தகம் வாங்குற தெருல்ல அது!" என்று சொல்லிட்டு, கஞ்சி ஆறுதுன்னு ஃபோனை வெச்சுட்டாங்க.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. ஒரு டம்ளர் தண்ணீரில் ஐஸ்கட்டியைப் போட்டு, ஓரம் மட்டும் எப்படித் தெரியுதுன்னு ரெண்டு நிமிஷம் பாருங்க. ஃபேஸ் கான்ட்ராஸ்ட் அதிலேதான் ஆரம்பிக்குது. உங்க தாத்தா, பாட்டி யாராவது ரங்கூனில் இருந்திருந்தால், எந்தத் தெருன்னு கேட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்க.

அடுத்த வாரம் சந்திப்போம். அதுவரை உடம்பைப் பார்த்துக்கோங்க.